எட்டாவது பத்தி

வக்கீல் ஸ்ரீதர் கொடுத்த காகிதக் கட்டில் எட்டாவது பத்தி மட்டும் காலியாக இருந்தது. அம்மா கோர்ட்டில் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுத்தில் தரும் பிரமாண வாக்குமூலம் அது. பெயர், ஊர், வேலை, விபத்து, ஆஸ்பத்திரி, செலவு எல்லாவற்றையும் அவருடைய அலுவலகத்திலேயே அடித்துவிட்டார்கள். எட்டுக்கு எதிரே பென்சிலில் ஒரு வட்டம்.

“நீ டைப்பிங் கிளாஸ் போறல்ல? இந்த ஒண்ண நீயே அடிச்சிட்டு வாம்மா. வலியும் வேதனையும்.”

“நீங்க வழக்கமா எழுதறதையே போட்டுடுங்க சார்.”

“போடலாம். ‘சொல்லொணாத் துயரம் அடைந்தேன்.’ எல்லா கேஸ்லயும் அதான் இருக்கும். கை போனவனுக்கும் அதே, நகம் போனவனுக்கும் அதே. ஜட்ஜம்மா அந்த வரிய கண்ணாலயே தாண்டிடுவாங்க.” மேசைமேல் இருந்த ஆஸ்பத்திரி ரசீதுகளைத் தட்டிக் காட்டினார். “இதுக்கெல்லாம் பில் இருக்கு. காட்டினா குடுத்துத்தான் ஆகணும். ஆனா இது எல்லாம் நீங்க வாங்கின கடனுக்கே போயிடும். ஆபரேஷனுக்கு மிஞ்சணும்னா எட்டாவது பத்தியில இருந்துதான் மிஞ்சணும். வலிக்கு பில் கிடையாது. நீங்க சொன்னாத்தான் உண்டு.”

ஆபரேஷன் என்று அவர் சொன்னது அம்மாவின் இடுப்பு மூட்டைப் பற்றி. அம்மா பெயர் அன்னபுஷ்பம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலை முடிந்து, எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்குத் திரும்பும் இடத்தில் நின்றிருந்தபோது, ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று பின்பக்கமாக வந்து இடித்துத் தள்ளியது. இடது தொடை, இடுப்புக்கு அருகில் முறிந்தது. கம்பி வைத்தார்கள். இப்போது அந்த எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். மூட்டை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அம்மா படுத்த படுக்கைதான். எனக்கு அப்பா இல்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

எட்டாவது பத்தியை எழுதுவதற்காக நான் அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். எழுதுகிற வேலையை நான் நன்றாகச் செய்வேன் என்று சொல்ல முடியாது. சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு செக்கிங்கில் இருக்கிறேன். லென்ஸ் வழியாகப் பார்த்து, நல்லது என்றால் பச்சைத் தட்டு, கெட்டது என்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள். என் மஞ்சள் தட்டு எப்போதும் நிரம்பி வழியும். “ஷாலின் கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையையும் மஞ்சத் தட்டுல தூக்கி வச்சிடும்” என்பான் பக்கத்து சீட் ஜோ. ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரில் மாலை டைப்பிங் வகுப்பு. அங்கே மரகதம் மிஸ், “அடிச்சதையே திரும்பித் திரும்பிப் பாக்காத, மேல போ” என்பார். எனக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்கத் தெரியாது.

அம்மாவைக் கேட்டேன். “வலிக்குதாம்மா?”

“ஸ்தோத்திரம்.”

அடுத்த நாளும் கேட்டேன். ஸ்தோத்திரம். குளித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வரும்போது கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னாள். ஆண்டவருக்கு நன்றி என்பதை நான் எட்டாவது பத்தியில் அடிக்க முடியாது.

அதனால் பார்த்ததை எழுதினேன். தரையில் உட்கார முடிவதில்லை. முக்காலியில் உட்கார்ந்துதான் அரிசி களைகிறாள். பேருந்தில் ஏறும்போது இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்து வீட்டுக் குழந்தையை ஏற்றிவிடுவதுபோல் முதலில் உள்ளே வைக்கிறாள். வலது பக்கம் ஒருக்களித்து மட்டுமே தூங்க முடியும். தூக்கத்தில் புரண்டால் சத்தம் வருகிறது. அழுகை என்று எழுதி, அது அழுகை இல்லை என்று தோன்றியதால் அதைக் கோடிட்டு நீக்கிவிட்டு, சத்தம் என்றே எழுதினேன். “தாங்க முடியாத வலி” என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். படித்துக் காட்டியபோது அம்மா அங்கே நிறுத்தினாள்.

“தாங்க முடியாதன்னு போட்டுக்கிற. தாங்கிக்கினுதானடி கீறேன்.”

அந்த வரியை எடுத்துவிட்டேன்.

எங்கள் சபையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வடக்குப்பட்டில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை. ஆராதனை முடியும் சமயம் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வோம். கேட்டது கிடைத்த பிறகு நன்றி சொல்வதை எங்கள் சபையில் பெரிதாக நினைக்க மாட்டார்கள். கிடைக்கும் முன்பே, கிடைத்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசம். வேலை இல்லாத பையன் “வேலை கொடுத்தீரே” என்பான். குழந்தை இல்லாதவள் குழந்தைக்குப் பெயரையே சொல்லி நன்றி சொல்லுவாள். கேட்கிற எல்லாருக்கும் நிலைமை தெரியும். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

போன ஈஸ்டர் அன்று அம்மா எழுந்தாள். ஊன்றுகோலை என் மடியில் வைத்துவிட்டு, வெள்ளைப் புடவையோடு பாய்களுக்கு நடுவில் முன்னால் வரைக்கும் நடந்தாள். “ஆண்டவர் என் வலிய எடுத்துப் போட்டார். இப்ப எனக்கு ஒரு வலியும் இல்ல” என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாஸ்டர் பிரவீன் எல்லா ஆராதனையையும் போனில் நேரலையாகப் போடுவார். அன்றும் போனது.

மறுநாள் காலையில் அம்மாவால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். படுத்திருந்த இடத்திலேயே பேசின் வைத்தேன். நான் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு மறுத்துவிட்டாள். நேற்றுத்தான் சொன்னோம், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்தால் சபையில் என்ன நினைப்பார்கள் என்றாள்.

காஞ்சிபுரம் கோர்ட்டில் அம்மாவைக் கூப்பிட்ட நாளில், நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் புறப்படுவதுபோல் புறப்பட்டோம். அதே வெள்ளைப் புடவை. டவாலி பெயரைக் கூப்பிட்டதும் அம்மா வாசலில் செருப்பை விட்டாள். செருப்புக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஊன்றுகோலையும் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அது கண்ணில் பட்டது. கையில் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் கூண்டில் ஏறிவிட்டாள்.

நீதிபதி ஒரு பெண். நாற்காலி போடச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“வேணாம்மா. நிக்கிறேன்” என்றாள் அம்மா. கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். பார்ப்பவர்களுக்கு இந்தப் பெண்மணிக்கு என்ன குறை என்றுதான் தோன்றும்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் காசிராஜன் நல்ல மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

“காலைல சாப்டீங்களாம்மா?”

“ஸ்தோத்திரம். சாப்ட்டேன் சார்.”

“சபைக்கு ஒழுங்கா போவீங்களா?”

“ஒரு வாரம் வுட்டதில்ல.”

“அங்க உண்மையத்தான் பேசுவீங்க?”

அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “பின்ன அங்க போயி இன்னா பேசுவாங்க?”

அப்போது அவர் போனை எடுத்தார். கை தட்டும் சத்தம் கோர்ட்டுக்குள் கேட்டது, நடுவில் அம்மாவின் குரல். ஸ்ரீதர் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு, போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

“இதுல இருக்கறது நீங்கதானே?”

“நாந்தான்மா. அது வந்து… கெடைக்கும்னு, கெடைச்ச மாதிரி சொல்றது. நாங்க அப்டித்தான் சொல்லுவோம். நீ மொதல்ல சொல்லணும், அப்பறந்தான் அவரு…” அம்மா என்னைத் தேடினாள். “அன்னைக்கி நடந்தேன். அது நெசம்.”

“சொன்னீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“சொன்னேன்.”

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். “என் வலி முழுவதும் நீங்கிவிட்டதாக நான் சபையில் சொன்னேன் என்று சொன்னால் சரிதான். போடுங்க.”

டைப்பிஸ்ட் கீபோர்டைப் பார்க்காமலே அடித்தாள். அவ்வளவு வேகம் எனக்கு எப்போது வரும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த இடத்தில் அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

“அன்னைக்குப் பொய் சொன்னீங்களாம்மா?” என்றார் காசிராஜன்.

“சபையில எப்டி சார் பொய் சொல்லுவேன்?”

“சபையில் நான் சொன்னது உண்மைதான். போட்டுக்கங்க” என்றார் நீதிபதி. அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. காலையிலிருந்து இந்த மாதிரி எத்தனை கேஸ் பார்த்தாரோ.

வெளியே வேப்பமரத்தடியில் ஸ்ரீதர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கோல எதுக்கும்மா வெளிய வச்சீங்க?”

“செருப்போட சேத்து வச்சேன் சார். அவ்ளோ பெரிய எடத்துல கட்டையத் தூக்கிக்கினு போனா மரியாதையா இருக்குமா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. “வலி போயிடுச்சுன்னா ஆபரேஷன் எதுக்குன்னு எழுதிடுவாங்க. எட்டாவது பத்தி மொத்தமும் போச்சு.” என்னைப் பார்த்தார். “நீதாம்மா கூண்டுல ஏறணும். ஈஸ்டருக்கு மறுநாள் காலையில இந்தம்மா எழுந்திரிக்கல, பேசின் வச்சேன்னு இப்ப சொன்னியே, அதை அப்படியே சொல்லணும். அவரு விட மாட்டாரு. அம்மா சபையில சொன்னது பொய்யான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லணும். விசுவாசம், அது இதுன்னு வளைச்சா என்ன ஆவும்னு இப்ப பாத்தல்ல?”

“நான் சரியா சொல்லுவேனான்னு தெரியல சார்.”

“சரியா சொல்ல வேணாம். சுருக்கமா சொல்லு.”

அடுத்த வாய்தாவுக்கு என் பெயரைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கட்டிலில் காலைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

“நீ ஏறாத.”

“ஆபரேஷன் இல்லன்னா நீ படுத்துடுவம்மா.”

“படுத்துட்டுப் போறேன். நான் சபையில நின்னு சொன்னத, எம் பொண்ணு கோர்ட்ல நின்னு பொய்யின்றதா?”

“பொய்னு நான் நினைக்கல. அவங்க கேக்கற மாதிரிக்கு…”

“நீ நெனக்கிறது யாருக்குத் தெரியப் போவுது? அந்தப் பொண்ணு டக்குடக்குனு அடிக்கிறாளே, அதான நிக்கும்.”

அவள் சொன்னது சரி.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பாஸ்டர் பிரவீன் வீட்டுக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர், கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். வீடியோவை எடுத்துவிட்டதாகச் சொன்னார். “எடுத்து என்ன சிஸ்டர், அவங்கதான் எறக்கி வச்சிருக்காங்களே” என்று அவரே முடித்தார். நேரலை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அம்மா, “நீங்க இன்னா பண்ணுவீங்க பாஸ்டர்” என்று டீயை அவர் பக்கம் தள்ளினாள்.

“ஷாலின், நீ உண்மையச் சொல்லு” என்றார் அவர். “ஆனா விசுவாசத்த மட்டும் பொய்னு சொல்லிடாத.”

“ரெண்டுல ஒண்ணுதான் பாஸ்டர் அங்க எழுதுவாங்க. மூணாவது தட்டு கிடையாது.”

அவருக்கு மூணாவது தட்டு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். டீ ஆறும் வரைக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

ஏறுவேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏற மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வகுப்பில் தப்புத் தப்பாக அடித்தேன். மரகதம் மிஸ் காகிதத்தை உருவிப் பார்த்துவிட்டு, “யார் மேல கோவம், மெஷின் மேலயா?” என்றார். அந்த வாரத்தில் ஒரு நாள் விடியும்போது அந்தச் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். அம்மா தூக்கத்தில் இடது பக்கம் புரண்டு, திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்து மெதுவாகத் திருப்பினேன். வியர்த்து நனைந்திருந்தாள். வலிக்குதா என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வாய்தா அன்று அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். இந்தத் தடவை ஊன்றுகோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். போன தடவை நான் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டதாகக் காசிராஜன் ஆட்சேபித்தார். பதிவு செய்துகொண்டு மேலே போகலாம் என்றார் நீதிபதி.

ஈஸ்டருக்கு மறுநாள் காலையைச் சொன்னேன். துண்டு, பேசின், நான் லீவு போட்டது, அம்மா ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தது. சொல்லச் சொல்ல நீதிபதி என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. அது எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

காசிராஜன் எழுந்தார். “நீங்க சொல்றது உண்மைன்னா, முதல் நாள் உங்க அம்மா நூறு பேர் முன்னாடி சொன்னது பொய்.”

“எங்க சபையில…”

“சரியா, சரியில்லையா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கால் பெஞ்சுக்கு வெளியே குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, மடக்க முடியாமல்.

“சரிதான்” என்றேன்.

டைப்பிஸ்ட் அடித்தாள்.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. ஸ்ரீதர் அதை எங்களுக்குச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். வலி, வேதனை என்ற தலைப்பில் நாங்கள் கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கும் தனியாக ஒரு தொகை எழுதியிருந்தார்கள். “எல்லாம் உன் சாட்சியத்தாலதான் ஷாலின்” என்றார். தீர்ப்பில் ஒரு பத்தியை விரல் வைத்துப் படித்தார். மனுதாரர் மத உணர்ச்சி மிகுதியால் சபையில் உண்மைக்குப் புறம்பாகக் கூறியுள்ளார் என்பதை அவருடைய மகளே ஒப்புக்கொண்டுள்ளார். மகளின் சாட்சியம் நம்பத்தகுந்தது.

“அத இன்னொரு வாட்டி படிங்க சார்” என்றாள் அம்மா.

அவர் படித்தார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சபைக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சாட்சி நேரத்துக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஞானம்மா அக்கா மட்டும் ஒரு நாள், “இன்னா அன்னம், சீக்கிரமே கெளம்பிட்ட?” என்று கேட்டாள். “கால் வலிக்கிது” என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. வலிக்கிது என்ற வார்த்தையை நான் அவள் வாயிலிருந்து அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஸ்தோத்திரம் என்பதை என்னிடம் அவள் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. நான்தான் கேட்பதை நிறுத்திவிட்டேனா, அவள் சொல்வதை நிறுத்திவிட்டாளா என்று யோசிக்கிறேன். எது முதலில் என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

நேற்று ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மாவுக்குப் பச்சை உடுப்பு மாட்டிய பிறகு, ஒரு நர்ஸ் அட்டையோடு வந்தாள். சின்னப் பெண்.

“வலி எவ்வளோ இருக்கும்மா? வலியே இல்லன்னா பூஜ்யம், உங்களால முடியவே இல்லன்னா பத்து. ஒரு நம்பர் சொல்லுங்க.”

அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள்.

“அவளக் கேளு. அதெல்லாம் அவதான் சொல்லுவா.”

நர்ஸ் சிரித்தாள். “வலி உங்களுக்குத்தானேம்மா?”

“அவளக் கேளுமா.”

நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நம்பர் சொன்னேன். அது கூடவா, குறைவா என்று இப்போதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். சுவர் இடது பக்கம். பாதி திரும்பி, முடியாமல், நான் கை கொடுக்கும் முன்பே தானாக வலது பக்கம் வந்துவிட்டாள். அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன். என் முகத்துக்கு நேராகப் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.